ரோமானியக் காசில் உள்ள எழுத்தை வாசிப்பது எப்படி?

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் ஒரு பழைய வெள்ளிக்காசு இருந்தது. ஒரு பக்கம் இலைமாலை சூடிய ஆண் தலை, மறுபக்கம் நாற்காலியில் அமர்ந்த பெண். விளிம்பைச் சுற்றி ஆங்கிலம் போன்ற எழுத்துகள், பாதி தேய்ந்துவிட்டன. டி.ஐ. (TI), ஏ.வி.ஜி. (AVG) என்பவை மட்டும் தெளிவாகத் தெரிகின்றன. மீதியை வாசிக்க லத்தீன் படிக்க வேண்டுமா? (கோவை வாசகர்)

பதில்: வேண்டாம். ரோமானியக் காசுகளில் இருப்பவை பெரும்பாலும் பெயரும் பட்டங்களும்தான், அவையும் சுருக்கமாக. இருபது சுருக்கங்கள் தெரிந்தால் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். சோழர் கல்வெட்டைத் திறந்ததும் 'கோப்பரகேசரி', அப்புறம் 'யாண்டு' என்று கண் தானாகத் தேடுமல்லவா, இதுவும் அப்படித்தான்.

முதலில் எழுத்து. அன்று 'யு' தனி எழுத்தாக இல்லை. அதன் இடத்திலும் 'வி'தான் வரும். அதனால்தான் முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் பெயர் ஏ.வி.ஜி. என்று தொடங்குகிறது. அதே 'வி' பட்டத்துக்குப் பின்னால் நின்றால் 5 என்ற எண். சொற்களுக்கு நடுவே இடைவெளியை எதிர்பார்க்காதீர்கள். தேய்ந்த காசில் சி-யும் ஜி-யும் ஒன்றுபோல் இருக்கும், ஐ (I), எல் (L), டி (T) மூன்றும் குழப்பும்.

எங்கே தொடங்குவது? பிற்காலக் காசுகளில் பெரும்பாலும் இடப்பக்கம் கீழே தொடங்கி, கடிகார முள் போகும் திசையில் ஓடும். முதல் நூற்றாண்டில் இந்த ஒழுங்கு உறுதியில்லை. ஆகவே பேரரசரின் பெயரையோ, 'பேரரசர்' என்பதைக் குறிக்கும் ஐ.எம்.பி.யையோ (IMP) தேடி அங்கிருந்து சுற்றி வாருங்கள்.

உங்கள் காசுக்கு வருவோம். டி.ஐ. என்பது டைபீரியஸ், அகஸ்டஸுக்குப் பின் வந்த பேரரசர். முழு வாசகம் இப்படி இருக்க வேண்டும்: 'டைபீரியஸ் சீசர், தெய்வமாகிய அகஸ்டஸின் மகன், அகஸ்டஸ்'. நடுவில் தனியாக நிற்கும் 'எஃப்' தான் மகன். அகஸ்டஸ் இரண்டு முறை வரும்: முதலில் ஏ.வி.ஜி. என்று தந்தையின் பெயராக, கடைசியில் முழுச் சொல்லாக மகனின் பட்டமாக. மறுபக்கம் பி.ஓ.என்.டி.ஐ.எஃப். எம்.ஏ.எக்ஸ்.ஐ.எம். (PONTIF MAXIM) என்று இருக்கிறதா பாருங்கள். தலைமைப் பூசாரி என்று பொருள். அமர்ந்திருப்பவள் அவன் தாய் லிவியா என்பது பொதுவான கருத்து. இவை பொருந்தினால் இது கி.பி. 14 முதல் 37 வரை ஆட்சி செய்த டைபீரியஸின் தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) வகை. கொங்கு நாட்டுப் புதையல்களில் அதிகம் கிடைத்த வகைகளில் ஒன்று, ஆகவே உங்கள் ஊரில் இருப்பதில் வியப்பில்லை.

இந்த வகையில் ஆண்டு எண் இல்லை. மற்றவற்றில் இருக்கும். டி.ஆர்.பி. (TR P) என்பது மக்கள் காவலர் அதிகாரம், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. அதன் பின்னுள்ள எண் ஆண்டைக் காட்டிவிடும். சி.ஓ.எஸ். (COS) என்பது கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவி, அதன் பின்னுள்ள எண் எத்தனையாவது முறை என்பதைக் காட்டும். பேரரசர் டிரேஜன் காசில் அதன் பின் 'வி' மட்டும் இருந்தால் கி.பி. 103-க்கும் 111-க்கும் இடைப்பட்டது. பி.பி. (PP) தேசத் தந்தை, பி.எம். (PM) மேலே சொன்ன தலைமைப் பூசாரியே. வெண்கலக் காசில் பெரிதாக எஸ்.சி. (SC) என்று இருந்தால் ரோமின் ஆட்சி மன்றமான செனட்டின் ஆணை. டி.என். (DN) என்று தொடங்கினால் 'நம் தலைவர்', பெரும்பாலும் நான்காம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பிந்தையது. கரூரிலும் இலங்கையிலும் கிடைக்கும் சிறு செப்புக்காசுகளில் இதைத் தேடிப் பாருங்கள்.

தயவுசெய்து புளி, எலுமிச்சை, பல்பொடி எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும். இருட்டறையில் டார்ச்சைக் காசுக்குப் பக்கவாட்டில், தாழ்வாகப் பிடித்து, ஒளியைச் சுற்றிச் சுற்றித் திருப்பிப் படமெடுங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத கோடுகள் நிழலில் எழும்பும். தெரிந்த எழுத்துகளைத் தாளில் வட்டமாக எழுதி, தெரியாத இடத்தில் புள்ளி வையுங்கள். பிறகு நான் சொன்ன வாசகத்தை அதன்மேல் பொருத்துங்கள்.

எழுத்துகள் தெளிவாக இருந்தும் எதுவும் பொருந்தவில்லையா? தென்னிந்தியாவிலேயே ரோமானியக் காசைப் பார்த்துச் செய்த போலிகை உண்டு. அவற்றில் எழுத்து வெறும் கோடும் வட்டமுமாகச் சிதைந்திருக்கும். அவையும் பழமையானவை, படிப்பதற்குரியவை. இன்றைய கள்ளக்காசு வேறு. டைபீரியஸ் வகையில் அது நிறையவே உலவுகிறது. அதனால் எடையையும் பாருங்கள்: நல்ல நிலையில் உள்ள காசு 3.5 கிராமுக்குச் சற்று மேலே இருக்கும். விளிம்பைச் சுற்றி வார்ப்புத் தையல் போல ஒரு கோடு ஓடினால் அது உருக்கி வார்த்த கள்ளக்காசு, வாசிப்பதை அங்கேயே நிறுத்திவிடலாம்.