காணொளி பாட்டில் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்?

அன்புள்ள ஐயா,

ஒரு பாட்டைப் பல மாதங்கள் காதால் மட்டுமே கேட்டுவந்தேன். காணொளியைப் பார்த்தபின் அந்தக் காட்சிகளை விலக்கிவிட்டுக் கேட்க முடியவில்லை. ‘கதவு’ என்று பாடினால் கதவு, ‘மழை’ என்றால் மழை. பாட்டுக்குப் பொருத்தமான காணொளி என்றால் இதுதானா?

ம.

அன்புள்ள ம.,

இல்லை. ‘கதவு’ காதில் விழுந்ததும் உங்கள் மனம் தனக்கென்று ஒரு கதவை வரைந்துகொள்கிறது. அதே நொடியில் திரையில் வேறொரு கதவு வந்தால் உங்களுடையது போய்விடும். நீங்கள் இழந்தது அதைத்தான். மழையைக் காட்டியே ஆகவேண்டும் என்றால் முந்தைய இடையிசையில் காட்டிவிடலாம். சொல் வரும்போது ஈரத் தலைமுடி ஒன்று போதும்.

பாட்டின் நடையையும், தாளத்தில் குரல் தொடங்கும் இடமான எடுப்பையும்தான் காணொளி பிடித்துக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு 120 தாளத் தட்டு, நொடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்றால் ஒரு தட்டுக்கு 12 ஃபிரேம். தட்டுக்குத் தட்டு காட்சியை வெட்டி மாற்றினால் கண் சீக்கிரம் சலித்துவிடும்; நான்கு, எட்டு என்று விட்டு வெட்டலாம். தட்டின் மேலேயே விழுந்த வெட்டு சில சமயம் பிந்தியதுபோலத் தோன்றும். ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னே தள்ளினால் சரியாகிவிடும்.

அதிகம் கெடுவது வாயசைப்பில். படப்பிடிப்புத் தளத்தில் 119 தட்டு வேகத்தில் இருந்த மாதிரிப் பதிவை ஒலிக்கவிட்டு, இறுதிப் பாட்டு 120-இல் வந்தால், நான்கு நிமிடப் பாட்டின் முடிவில் உதடு இரண்டு நொடி பின்தங்கும். ஒலிபெருக்கி 34 மீட்டர் தள்ளி இருந்தாலே ஒலி வந்துசேர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அது இரண்டு ஃபிரேமுக்கு மேல். புளூடூத் ஒலிபெருக்கியும் இப்படித் தாமதம் தரும், அதனால் கம்பி இணைப்பே நல்லது. பாடுபவர் உதட்டை மட்டும் அசைக்காமல் குரல் விட்டே பாடவேண்டும். கழுத்து நரம்பு புடைக்காத உச்சஸ்தாயியை யாரும் நம்பமாட்டார்கள்.

உடல் மெல்ல அசைய, உதடு மட்டும் பாட்டோடு போகும் காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். பாட்டை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு 48 ஃபிரேமில் எடுத்து, 24-இல் ஓட்டுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது. பாட்டின் காலத்தைத் தொடாமல், கண்ணுக்கு மட்டும் வேறொரு காலத்தைக் காட்டிவிடுகிறது.

படத்துக்காகப் பாட்டையே கலைத்து அடுக்கியதும் உண்டு. 1983-இல் வந்த மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ காணொளி கிட்டத்தட்ட 14 நிமிடம். பாட்டோ 6 நிமிடம்தான். சரணங்களை நடந்துகொண்டே அடுத்தடுத்துப் பாடிவிடுகிறார். பல்லவி நடனம் தொடங்கிய பிறகுதான் வருகிறது. இசைத்தட்டில் சரணத்துக்குச் சரணம் திரும்பி வந்த பல்லவி, இங்கே காத்திருந்து வாங்கும் பொருளாகிவிட்டது.

உங்கள் காணொளியை ஒலியை அணைத்துவிட்டு, அதே வேகத்தில் உள்ள வேறொரு பாட்டோடு ஓட்டிப் பாருங்கள். அதற்கும் அப்படியே பொருந்தினால், உங்கள் பாட்டில் வாத்தியங்கள் ஓய்ந்து குரல் தனியாக நிற்கும் இடத்தை எடுத்தவர்கள் கவனிக்கவே இல்லை.