ஏ9 வீதியில் எருமை படுத்திருந்தால்: கேள்வி பதில்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் இருக்கும் கிளிநொச்சியில் வாகன மின்வேலை செய்கிறேன். பாவித்த ஜப்பானியக் கார்களில் வரும் பாதுகாப்புக் கருவிகள் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி (மாங்குளம்): என் காரில் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி இருக்கிறது. இரவில் மாடு படுத்திருந்தால் நிற்குமா, அண்ணா?

பதில்: நிற்கும் என்று நம்பி ஓட்டாதீர்கள், தம்பி. முன்கண்ணாடியின் உச்சியில் இருக்கும் கமராவை வாகனங்களையும் மனிதரையும் அடையாளம் காணத்தான் முக்கியமாகப் பழக்கியிருக்கிறார்கள். படுத்திருக்கும் எருமையை அது படித்ததில்லை. ரேடியோ அலையை அனுப்பித் தூரம் பார்க்கும் ரேடார் இருந்தால், அது ஓடும் வாகனத்தை நன்றாகப் பிடிக்கும். அசையாமல் இருப்பது மதகா, பெயர்ப்பலகையா, மாடா என்று அதற்குக் குழப்பம். எல்லாவற்றுக்கும் பிரேக் பிடித்தால் பின்னால் வரும் லொறி நம்மீது ஏறும். ஆகவே அசையாதவற்றில் பலவற்றை அது விட்டுவிடும். 2016இல் புளோரிடாவில், தானியக்கத்தில் ஓடிய டெஸ்லா கார் ஒன்று குறுக்கே திரும்பிய வெள்ளை லொறியில் பட்டப்பகலில் மோதியது. ஓட்டுநர் இறந்துபோனார்.

கணக்கையும் பாருங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், நீங்கள் கண்டு காலை வைக்கும் ஒன்றரை வினாடிக்குள் கார் 42 மீற்றர் போய்விடும். காய்ந்த தாரில் நிற்க இன்னும் 55 மீற்றர் வேண்டும், மொத்தம் 97. தாழ்த்திய விளக்கில் கறுத்த எருமை அதில் பாதித் தூரத்தில் தெரிந்தாலே பெரிய விடயம். 70இல் போனால் மொத்தம் 56 மீற்றர் போதும்.

கேள்வி (கனகராயன்குளம்): முன்கண்ணாடி மாற்றிய நாளிலிருந்து எச்சரிக்கை விளக்கு எரிகிறது.

பதில்: கமராவை மறுபடி அளவுதிருத்தவில்லை. ஒரு பாகை பிசகினால் 50 மீற்றருக்கு அப்பால் பார்வை ஏறத்தாழ 87 செ.மீ. விலகும், ஓர் ஆளையே தவறவிட அது போதும். என்னிடம் வந்த ஒருவர் கமராவுக்கு நேர் முன்னால் பிள்ளையார் படம் ஒட்டியிருந்தார். பிள்ளையாரை இடம் மாற்றினோம், விளக்கு அணைந்தது.

கேள்வி (வவுனியா): கையை எடுத்துவிட்டு ஓட்டலாமா?

பதில்: கூடாது. தானியக்கத்தில் 0 முதல் 5 வரை நிலைகள் உண்டு: 0 என்றால் எல்லாம் உங்கள் கையில், 5 என்றால் எங்கும் கார் தானே ஓடும். உங்களுடையது அதிகம் போனால் 2. அதுவரை ஓட்டுநர் நீங்கள்தான். குறிப்பிட்ட சூழலில் மட்டும் தானே ஓடும் மூன்றாம் நிலைக் காரை ஹொண்டா 2021இல் ஜப்பானில் குத்தகைக்கு விட்டது. 100 கார்கள், அதுவும் அதிவேக வீதியின் நெரிசலில் மட்டும்.

கேள்வி (பரந்தன்): இது தானாக ஓடுமா?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி (முள்ளியவளை): பழைய காரின் காற்றுப்பை ஆபத்தா?

பதில்: தக்காட்டா நிறுவனத்துப் பையாக இருந்தால் ஆபத்துதான். உள்ளே இருக்கும் அமோனியம் நைத்திரேற்று, வெப்பமும் ஈரமும் ஆண்டுக்கணக்கில் பட்டால் கெட்டுவிடும். பை விரியும்போது உலோகத் துண்டு முகத்துக்குப் பறக்கும். நம் காலநிலைக்கு இதைத் தள்ளிப்போடவே கூடாது. சேசி இலக்கத்தைக் கொடுத்து மீளழைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (புளியங்குளம்): கட்டாக்காலி மாடுகளைப் பிடித்துத் தண்டம் அறவிட்டால் கருவியே தேவையில்லையே?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒருவர் இதற்கு மறுப்பு: வயல் விதைத்தபின் மாட்டை எங்கே விடுவது? மேய்ச்சல் தரையைக் காட்டிவிட்டுத் தண்டம் கேளுங்கள்.

பதில்: மேய்ச்சல் தரை இல்லை என்பது உண்மை. மாரியில் வீதிதான் காய்ந்த மேடு, மாடு அங்கேதான் படுக்கும். ஆனால் ஐயா, மேய்ச்சல் பகலில்தானே? இரவில் பட்டியில் அடைக்கலாமே. புளியங்குளத்தாரே, உங்களையும் விடமாட்டேன். மாட்டுக்காவது வெளிச்சத்தில் கண் மின்னும். பின்விளக்கில்லாமல் நெல் ஏற்றி வரும் உழவு இயந்திரப் பெட்டிக்கு அதுவும் இல்லை. அதற்கு யாரிடம் தண்டம் கேட்பது?

கேள்வி (பரந்தன், மறுபடியும்): அப்படியென்றால் தானாக ஓடாதா?

பதில்: ஓடாது.

கேள்வி (ஒட்டுசுட்டான்): சரி தம்பி, பட்டியில் அடைக்கிறேன். தப்பி வரும் மாட்டுக்கு என்ன செய்ய?

பதில்: ஒளிதெறிக்கும் நாடாவை வாங்கிக் கழுத்தில் கட்டுங்கள், ஐயா. உங்கள் உழவு இயந்திரப் பெட்டிக்கும் சேர்த்தே வாங்குங்கள்.