மோனல் ஏன் கறுப்பாக வந்தது?

அன்புள்ள சார்,

வணக்கம். உங்கள் தளத்தை ஐந்தாறு வருஷமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. போன அக்டோபரில் உத்தராகண்டில் சோப்தா, அதற்கு மேலே மலையிலிருக்கும் துங்கநாத் கோயில் வரை போய்வந்தேன். அதற்கென்றே பணம் சேர்த்து தூரத்துப் பறவை, விலங்குகளை எடுக்க 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மூன்று நாளில் இரண்டாயிரத்துச் சொச்சம் படம், தேறியது ஒன்றுமில்லை. மோனல் பறவை எதிரிலேயே நின்றது, படத்தில் பார்த்தால் கறுப்பாக ஒரு கோழி. வரையாடு மாதிரி ஏதோ மேலே தெரிந்தது, வெறும் புள்ளி. "இதுக்கு வண்டலூருக்கே போயிருக்கலாம்" என்கிறார்கள் வீட்டில். கோளாறு லென்ஸிலா, நான் போன காலத்திலா? பனி விழுந்த பிறகு போயிருக்க வேண்டுமா? இந்த வருஷம் அக்டோபர் கடைசியில் லடாக் போய் மர்மோட் (மலையில் வளை தோண்டி வாழும் பெரிய அணில் வகை) படம் எடுக்கலாம் என்று இருக்கிறேன். படங்கள் சிலவற்றை இணைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

(பெயர் வேண்டாம்), நங்கநல்லூர்

அன்புள்ள நண்பருக்கு,

சிரிக்கவில்லை. என்னிடம் இதைவிட மோசமான படங்கள் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய இருக்கின்றன. அப்புறம், கோழி என்று நீங்கள் எழுதியதிலும் தப்பில்லை, மோனல் கோழிக் குடும்பத்துப் பறவைதான்.

லென்ஸில் ஒரு கோளாறும் இல்லை. மயில்கழுத்துக் கலர் பட்டுப்புடவையைக் கடை வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களே, ஆண் மோனலும் அந்த மாதிரிதான் ஆளைப் பார்த்து நிறம் காட்டும். அந்தப் பச்சையும் நீலமும் செம்பும் சாயமாக இறகில் ஏறியவை இல்லை, இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் தெரிபவை. வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து அதன்மேல் விழுந்தால் தகதகக்கும், நிழலிலோ எதிர்வெயிலிலோ நின்றால் கறுப்புதான். உங்கள் படத்தில் சூரியன் பறவைக்குப் பின்னால், அதற்கும் பின்னால் பளீரென்று வானம். கேமரா வானத்தை அளந்து மொத்தத்தையும் இருட்டாக்கிவிட்டது. கொஞ்சம் எக்ஸ்போஷரை (படத்துக்குள் விடும் ஒளியின் அளவை) கூட்டியிருந்தால் சுமாராகத் தேறியிருக்கும்.

ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. படத்தின் விவரங்களில் நேரம் 10.40 என்று இருக்கிறது. அந்த நேரத்தில் துங்கநாத் பாதையில் குதிரை, பக்தர்கள், ஸ்பீக்கரில் பாட்டு போட்டுக்கொண்டு ஏறும் கல்லூரிப் பையன்கள் எல்லோரும் இருப்பார்கள், விலங்குகள்தான் ஒதுங்கியிருக்கும். மூன்று நாளில் இரண்டாயிரம் படம் என்றால் நீங்கள் எங்கேயும் உட்காரவே இல்லை என்றும் அர்த்தம். நானும் முதல் இரண்டு பயணத்தில் அப்படித்தான் ஓடினேன், காசு கொடுத்து வந்திருக்கிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று.

மூன்றாவது தடவை முட்டி பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் விடியற்காலையில் கல் பாதைக்குக் கீழே ஒரு பாறையில் உட்கார்ந்தேன். ஜில்லிப்பு பேண்ட்டைத் தாண்டி எலும்புக்குள் போனது. அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு காலுக்கு ஐந்தடி தள்ளி ஒரு பொந்திலிருந்து பைக்கா தலையை நீட்டியது. வாலில்லாத எலி மாதிரி இருக்கும், உண்மையில் முயலுக்குச் சொந்தக்காரன். புல்லைக் கடிக்கும், நிமிரும், மெல்லும்போது மீசை மட்டும் வேகமாக ஆடும், சட்டென்று உள்ளே போய்விடும், திரும்ப வரும். சரிவில் ஆண் மோனல் ஒன்று வளைந்த அலகால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது, குழிக்குள் தலை, செம்பழுப்பு வால் மட்டும் மேலே. இரண்டுமே என்னைச் சட்டை செய்யவில்லை, அதற்கு அவற்றுக்கு நேரமும் இல்லை.

குளிருக்கு முந்தைய மலை என்பது இதுதான். ஐப்பசியில் தி.நகர் எப்படியோ அப்படி. பனி மூடுவதற்குள் தின்று தீர்க்க வேண்டும். பைக்கா குளிர்காலம் முழுக்கத் தூங்குகிற ஜாதி இல்லை, பனிக்கு அடியில் பாறை இடுக்கில் விழித்தே இருக்கும். நீங்கள் புள்ளியாகப் பிடித்தது இமயமலை வரையாடு. அக்டோபரில் ஆணுக்குக் கழுத்திலிருந்து மார்புவரை பிடரி அடர்ந்து தொங்கும், இணை சேரும் பருவமும் தொடங்குகிறது, வருஷத்தில் அது அழகாக இருப்பது அப்போதுதான். (நம் நீலகிரி வரையாட்டையும் இதையும் ரொம்ப காலம் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005-இல் வந்த மரபணு ஆய்வு, நம்முடையது செம்மறி வகைக்கு நெருக்கம் என்று சொல்லித் தனியாகப் பிரித்துவிட்டது.) அதனால் நீங்கள் போன காலம் சரியான காலம். மழை ஓய்ந்து தூசி கழுவிய வானம் வேறு. அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ துங்கநாத் கோயில் நடை சாத்தி, சாமியைக் கீழே மக்கூமட் கிராமத்துக்கு இறக்கிவிடுவார்கள். கடும்பனியில் மோனலும் கீழே காட்டுக்குள் இறங்கிவிடும். அப்போது போய் என்ன செய்யப்போகிறீர்கள்?

லடாக் விஷயத்தில்தான் தேதி தப்பு. அக்டோபர் கடைசியில் மர்மோட் அநேகமாக வளைக்குள் படுத்திருக்கும், ஏறக்குறைய ஆறு மாசத் தூக்கம். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் பாதியில் போனால் கொழுத்து உருண்டு திரியும். டிக்கெட் போட்டாயிற்று என்றால் பாரல் என்கிற மலை ஆட்டைத் தேடுங்கள். எப்போது போனாலும் மர்மோட்டுக்கு பிஸ்கட் போடாதீர்கள். சாலையோரத்தில் அது கையேந்தி நிற்பதைப் படமெடுத்து லைக் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கெட்ட வார்த்தைதான் வருகிறது. தூக்கத்துக்குச் சேர்க்கிற அந்தக் கொழுப்பு புல்லிலிருந்து வர வேண்டியது. லே 3,500 மீட்டர், நாம் கடல் மட்டத்து ஆட்கள், முதல் இரண்டு நாள் அறையைவிட்டு அதிகம் நகர வேண்டாம்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உபரியை பனியனை ஒட்டிய பையில் வையுங்கள். வெளியிலிருந்து ஹீட்டர் போட்ட அறைக்குள் கேமராவை அப்படியே கொண்டுபோகாதீர்கள். ஏசி காரிலிருந்து இறங்கினால் மூக்குக் கண்ணாடி பனிக்குமே, அதேதான். நான் ஒரு விடுதியில் அவசரப்பட்டு லென்ஸுக்குள் ஈரம் கோத்து, மறுநாள் காலை முழுவதையும் தொலைத்தேன். வாசலிலேயே பைக்குள் வைத்து ஜிப்பை மூடி, ஒன்றிரண்டு மணி நேரம் திறக்காமல் விடுங்கள்.

உட்காரப் பழகுவதற்கு லடாக் வரை போக வேண்டியதில்லை. புரட்டாசி, ஐப்பசியில் ஆறுமணிக்குருவி இமயத்தின் அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் நம் பக்கம் வரும், அடையாறு, கிண்டி மரத்தடிகளில் சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும். காலையில் ஆறு மணிக்குப் போய் ஒரே மரத்தடியில் ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். வந்தால் படம் அனுப்புங்கள்.

இன்னொன்று, இப்போதே செய்துவிடுங்கள். அந்த செகண்ட் ஹேண்ட் லென்ஸைத் துணிப்பையில் சுற்றி பீரோவில் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மழைக்காலம் வரப்போகிறது, பூஞ்சை பிடித்தால் சுத்தம் செய்ய ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். காற்று புகாத பிளாஸ்டிக் டப்பா, நாலு பாக்கெட் சிலிக்கா ஜெல், போதும்.

அன்புடன்.