சிப்பிப்பாறையும் பூனையும்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் ஐந்து வருடமாக ஒரு பூனை இருக்கிறது. பெயர் செல்வி. போன வாரம் என் கணவர் கோவில்பட்டிப் பக்கமிருந்து எட்டு மாத சிப்பிப்பாறை நாய் ஒன்றைக் கொண்டுவந்தார். எங்களிடம் ரொம்பச் சாது. ஆனால் பூனையைப் பார்த்தால் உடம்பு விறைத்துவிடுகிறது. முதல் நாளே துரத்தினான். அன்றிலிருந்து செல்வி பரணை விட்டு இறங்குவதே இல்லை. ஸ்டூல் போட்டு ஏறி சாப்பாடு வைக்கிறேன், பாதிதான் சாப்பிடுகிறாள். "ரெண்டையும் ஒரு நாள் ஒரே ரூமில் அடைச்சு வை, அதுகளே சரியாப்போகும்" என்கிறார் என் நாத்தனார். செய்யலாமா? இல்லை, ஒன்றை யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதானா?

சு., மதுரை

அன்புள்ள சு.,

அடைக்கவே அடைக்காதீர்கள். அடைத்த அறையில் பூனைக்கு ஓட இடம் இருக்காது. நகத்தால் கீறும், நாயின் கண் போகலாம். நாய் ஒருமுறை கவ்வி உதறினால் பூனையே போய்விடும்.

எந்த நாய் என்று எழுதியது நல்லதாயிற்று. சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் தென்மாவட்டக் காடுகளில் முயல் பிடிக்கத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தவை. மோப்பத்தைவிடக் கண்ணை நம்புகிற நாய்கள். சின்னதாக ஒன்று வேகமாக ஓடினால் பின்னாலேயே கிளம்பிவிடும். அவனுக்குச் செல்வி மேல் பகை ஒன்றும் இல்லை, ஓடுகிற செல்வி அவன் கண்ணுக்கு முயல், அவ்வளவுதான். அதே செல்வி ஓடாமல் உட்கார்ந்திருந்தால் பாதி வேகம் அடங்கிவிடும். ஆகவே உங்கள் வேலை இரண்டையும் சிநேகமாக்குவது இல்லை. செல்வி ஓட வேண்டிய நிலைமை வராமல் பார்த்துக்கொள்வது. ஒவ்வொரு துரத்தலும் அவனுக்குக் கொண்டாட்டம், ருசி கண்டுவிட்டால் விடமாட்டான்.

செல்விக்கு ஒரு அறையைக் கொடுத்துவிடுங்கள். சாப்பாடு, தண்ணீர், மலம் கழிக்க மணல் தட்டு, ஏறி உட்கார ஒரு பீரோ, எல்லாம் அதற்குள். நாய் அந்தப் பக்கமே வரக்கூடாது. சில நாள் அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே வேண்டாம், வாசனை மட்டும் பழகட்டும். பழைய வேட்டித் துணியால் ஒன்றைத் துடைத்து மற்றது படுக்கிற இடத்தில் போடுங்கள். பிறகு மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் அவனுக்கும் அந்தப் பக்கம் அவளுக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு. இரண்டும் நிம்மதியாகத் தின்றால்தான் அடுத்த படி.

பார்க்கவைப்பதற்கு நம் வீடுகளில் இருக்கிற கம்பிக் கதவு போல வேறொன்று கிடையாது. இடுக்கில் அவன் மூக்கும் அவள் உடம்பும் நுழையாதபடி கீழே ஒரு பலகை கட்டிவிட்டால் போதும். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள். எவ்வளவு தள்ளி என்றால், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்க்கிற அளவு. திரும்பினால் உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி. வாயை மூடிக்கொண்டு, உடம்பை விறைத்து, கண் இமைக்காமல் பார்த்தால் ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், பின்னால் போங்கள். திட்டவோ அடிக்கவோ வேண்டாம். அடித்தால் பூனை வந்தாலே அடி விழும் என்றுதான் புரிந்துகொள்வான். சில நிமிடம் போதும். அதுவும் காலையில் நன்றாக ஓடவிட்ட பிறகு செய்யுங்கள். இந்த இனத்தை ஓடவிடாமல் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு அடக்கம் எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. ஓட்டுகிற வேலை கொண்டுவந்தவருடையது, அவரிடமே சொல்லிவிடுங்கள்.

செல்வியை மடியில் பிடித்துக்கொண்டு அறிமுகம் செய்யாதீர்கள், கிழிபடுவது உங்கள் கையாகத்தான் இருக்கும். அவளே வரவேண்டும், அவளே போகவேண்டும்.

2008-ல் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளைக் கவனித்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பூனை முதலில் வந்த வீடுகளில் நிலைமை மேலாக இருந்தது. பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஒரு வயதுக்குள்ளும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. நாய் வாலாட்டினால் பெரும்பாலும் சிநேகம், பூனை வாலைச் சுழற்றி அடித்தால் எரிச்சல். இப்படி எதிரெதிரான சைகைகளைக்கூடப் பழகிய ஜோடிகள் சரியாகப் புரிந்துகொண்டன. உங்கள் வீட்டில் பூனைதான் மூத்தவள், நாய்க்கும் ஒரு வயது ஆகவில்லை. செல்வியின் வயது மட்டும்தான் எதிராக இருக்கிறது.

இப்போது அவசரமானவை இரண்டு. பாதி சாப்பாடு என்று எழுதியிருக்கிறீர்கள். பூனை பட்டினி கிடக்கக்கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம், குண்டுப் பூனை என்றால் இன்னும் சீக்கிரம். அறை மாற்றிய பிறகும் சாப்பாடு ஏறவில்லை என்றால் மறுநாளே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று உண்ணி மருந்து. கிராமத்திலிருந்து வந்த நாய், எப்படியும் போடுவீர்கள். நாய்க்குப் போடுகிற சொட்டு மருந்து, பவுடர் பலவற்றில் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் வகைப் பூச்சிக்கொல்லி இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாத பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய விஷம். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. மேலே தடவ வேண்டும் என்பதுகூட இல்லை, ஈரம் காயாத நாயோடு உரசினாலே நடுக்கமும் வலிப்பும் வரலாம். வாங்கும்போதே வீட்டில் பூனை இருக்கிறது என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

மணல் தட்டு நாய்க்கு எட்டக்கூடாது, பூனை மலத்தை ஆசையாகத் தின்பான். செல்வியை நாய்த் தீனியில் ஓட்டாதீர்கள், பூனைக்கு வேண்டிய டாரின் என்ற சத்து அதில் போதுமான அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது.

கொடுத்துவிடுவதா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள். ஒரே கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் படுத்திருந்தால் அதுவே வெற்றி, கட்டிப்பிடித்துத் தூங்கும் வீடியோக்களை மறந்துவிடுங்கள். அப்படிப் பழகிய பிறகும் நீங்கள் வெளியே கிளம்பும்போது தனித்தனியாக அடைத்துவிட்டுத்தான் போகவேண்டும். வீட்டுக்குள் அவளைச் சட்டை செய்யாதவன் முற்றத்தில் அவள் ஓடுவதைப் பார்த்தால் முயல் நினைப்புக்குத் திரும்பிவிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் கதவடியிலேயே நின்று, கோழித் துண்டைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் அவளையே முறைத்துக்கொண்டிருந்தால், நாயைக் கொடுங்கள். தோட்டம், துரவு உள்ள ஒரு வீட்டில் அவன் சந்தோஷமாக இருப்பான், சிப்பிப்பாறை கேட்கிறவர்களுக்கும் உங்கள் ஊர்ப் பக்கம் பஞ்சமில்லை. ஐந்து வருடம் ஒரே வீட்டில் இருந்த பூனையை இடம் மாற்றுவதுதான் கஷ்டம். கணவர் முகம் சுளிப்பார், அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.