ஒயரை வெட்டுவதற்கு முன்

கேள்வி: செம்பனைக் குலை ஏற்றும் லோரி 3 வைத்திருக்கிறேன். புது லோரியில் பின்பக்கம் வேலை விளக்கும் ஜிபிஎஸ்ஸும் மாட்டியதிலிருந்து டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது. ஞாயிறு ஓய்வு கொடுத்தால் திங்கள் காலை பேட்டரி செத்துக் கிடக்கிறது. 'மாட்யூல்' போட்டால் சரியாகும் என்கிறார் ஒயர்மேன். விலையோ மலைப்பாக இருக்கிறது. காசு பறிக்கிறாரா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பறிக்கவில்லை அண்ணே. ஆனால் ஒயரைக் கிள்ளுவதற்கு முன்பே அவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பழைய லோரியில் சுவிட்சைத் தட்டினால் கரண்ட் நேராக விளக்குக்குப் போகும், எங்கே கிள்ளி எதை மாட்டினாலும் எரியும், நம் ஆட்கள் அப்படியே பழகிவிட்டார்கள். புதியதில் சுவிட்ச் கம்ப்யூட்டருக்குத் தகவல்தான் சொல்கிறது. விளக்கை எரிய விடுவதும், எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்ப்பதும் கம்ப்யூட்டர். பின்விளக்கு ஒயரில் இன்னொன்றைக் கோத்தால் கணக்கு உதைக்கும், மஞ்சள் விளக்கு வந்துவிடும்.

அந்தத் தகவல் ஓடுவது முறுக்கிய 2 ஒயரில். பெயர் கேன் பஸ், 1986-இல் பாஷ் கம்பெனி கொண்டுவந்தது (ஈப்போ பஸ் இல்லை!). மாட்யூல் என்பது ஒரு சின்ன கன்ட்ரோல் பெட்டி, அந்த ஒயரில் காதை வைத்துக் கேட்கும்: சாவி போட்டாச்சா, கியர் நியூட்ரலிலா, ஹேண்ட்பிரேக் இழுத்தாச்சா. கேட்டதை வைத்து, தன் சொந்த பியூஸ் வழியாக நம் சாமானுக்குக் கரண்ட் விடும். சாவி எடுத்து 10 நிமிடத்தில் விளக்கை அணை, பேட்டரி இறங்கினால் எல்லாவற்றையும் நிறுத்து என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம், உங்கள் திங்கட்கிழமைத் தொல்லை அதோடு போகும். குலை தூக்கும் கிரேன் இருந்தால் இன்னும் நல்லது, ஹேண்ட்பிரேக் இழுக்காமல் கிரேன் அசையாது என்று கட்டிவிடலாம்.

அதற்காக ஒரே ஒரு விளக்குக்கு மாட்யூல் வாங்காதீர்கள். பேட்டரியிலிருந்து தனி பியூஸ், ரிலே (சுவிட்சின் சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சாமான்), சுவிட்ச் போதும். லோரி 24 வோல்ட் என்றால் ரிலேயும் 24 வோல்ட்தானா என்று பாருங்கள். மூன்று நான்கு சாமான் சேரும்போது வாங்கினால் நியாயம்.

அப்புறம், முதலில் பழைய ஒட்டுகளைப் பிரிக்கச் சொல்லுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு கேன் பஸ்ஸின் 2 ஒயருக்கும் நடுவே ஓம் மீட்டர் வைத்தால் 60 ஓம் பக்கம் காட்ட வேண்டும், இரண்டு முனையிலும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால், இரண்டும் பக்கவாட்டில் சேர்ந்து பாதியாகத் தெரியும். 120 காட்டினால் எங்கோ ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது, மாட்யூலைப் பிறகு பார்க்கலாம்.