விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறினால் பழக எத்தனை நாளாகும்?

"கம்ப்யூட்டர் அதிகம் தெரியாதவன் நான், லினக்ஸுக்கு மாறினால் பழக எத்தனை நாளாகும்" என்று கேட்டிருக்கிறீர்கள். மவுஸுக்கு இரண்டு நாள், விரலுக்கு இரண்டு மாதம். எனக்கு அப்படித்தான் ஆனது.

பாபநாசத்தில் சின்னதாக ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். உங்களிடமும் என்னுடையதைப் போல ஒரு பழைய மெஷின்தான் இருக்கும், இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. என்னுடையது 2015-ல் வாங்கிய இன்டெல் ஐ3 ப்ராசஸர் மெஷின். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிடும் என்றார்கள். சரி, 11 போடலாம் என்று பார்த்தால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் ப்ராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறது. புது மெஷினுக்குக் கையில் காசில்லை. தீபாவளிக்கு வந்த அக்கா மகன் லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு 24.04-ஐப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அவன் பஸ் ஏறவும் சம்பா பயிர்க் காப்பீட்டுக் கூட்டம் சேரவும் சரியாக இருந்தது. சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல் என்று வாசல் முழுக்க ஆள்.

தமிழில் அடிக்க ஐபஸ் எம்17என் என்று ஒன்றைப் போட வேண்டும், அவன் போனில் சொல்லச் சொல்ல, கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையில் அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. தட்டுகிறேன், ஒன்றும் விழவில்லை, ஒரு நட்சத்திரம்கூட இல்லை. கீபோர்டு போய்விட்டது என்று போனை வைத்துவிட்டு ஓடிப் போய் 450 ரூபாய்க்குப் புதிது வாங்கி வந்தேன். அதிலும் அதே கதை. திரும்பக் கூப்பிட்டால், "மாமா, அது அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாது, தட்டிட்டு என்டர் அடிங்க" என்கிறான். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அடுத்தது விரல். நான் டைப்ரைட்டிங் தமிழ் ஹையர் பாஸ் செய்தவன். "கொள்ளிடம்" என்றால் கை தானாக முதலில் கொம்பைத் தேடும், அப்புறம் க, அப்புறம் கால். அவன் போனில் சேர்க்கச் சொன்னது தமிழ்99 என்ற கீபோர்டு லேஅவுட். அதில் க அடித்து ஒ அடித்தால் கொ. ள-வை இரண்டு தடவை தட்டினால் முதல் ள-வுக்குப் புள்ளி தானே விழுந்துவிடும். உயிரெல்லாம் இடது கையில், மெய் வலது கையில். இருபது நிமிஷ மனு ஒரு மணி நேரம் எடுத்தது. பழைய டைப்ரைட்டர் லேஅவுட்டும் அந்த எம்17என்-லேயே இருக்கிறது என்று மூன்றாவது வாரம்தான் கண்டுபிடித்தேன். அதற்குள் தமிழ்99 பாதி கைக்கு வந்துவிட்டது, திரும்பிப் போகவில்லை. விண்டோஸிலும் தமிழ்99 உண்டே என்று சண்டைக்கு வராதீர்கள், எனக்கும் தெரியும்.

பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டில் அடித்த கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் ஆங்கில எழுத்தாகச் சிதறிக் கிடந்தன. ஃபைல் போச்சு என்றே நினைத்தேன். பழைய டிஸ்கில் இருந்த அந்த ஃபான்டை டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்ததும் சரியாகிவிட்டது. பத்திரிகை என்றதும் வயிறு எரிகிறது. ப்ரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, 500 அடித்த பிறகு தாய்மாமன் இனிஷியல் தப்பு என்று பாதிக் காசு கொடுக்கிறவர்களை என்ன செய்வது? போன வைகாசிக் கல்யாணத்துக் காசு இன்னும் வரவில்லை.

சரி, உங்களுக்கு வருகிறேன். உடனே இன்ஸ்டால் செய்யாதீர்கள். லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள், ஹார்டு டிஸ்கில் கை வைக்காது. பிரிண்டர், ஸ்கேனர் ஓடுகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். எனக்குப் பிரிண்டர் செருகியதும் வந்துவிட்டது, ஸ்கேனர்தான் ஒரு நாளை விழுங்கியது. விண்டோஸில் மட்டுமே ஓடும் சாஃப்ட்வேர் ஏதாவது வைத்திருந்தால் பழையதை அழிக்காமல் பக்கத்திலேயே இதையும் போடுங்கள். கடை கிடை வைத்திருக்கிறவராக இருந்தால் கூட்டம் இல்லாத மாதமாகப் பார்த்து மாறுங்கள், ஐப்பசியில் வேண்டவே வேண்டாம்.