கையில் காசு மட்டாக இருக்கிற வருடத்தில் சித்திரைப் புத்தாண்டை எப்படிக் கொண்டாடுகிறீர்கள்?

இரண்டு பிள்ளைகள், ஒழுங்கில்லாத வருமானம், கடன் வாங்காமல் வருடப்பிறப்பைக் கொண்டாட வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. ஆனால் நாங்கள் அதைக் கண்டுபிடித்தது அடிபட்டுத்தான்.

பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு ராசிக்கும் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று போட்டிருப்பார்கள் அல்லவா? ஒரு வருடம் என் ராசிக்கு வரவு 2, செலவு 14. என் வீட்டுக்காரர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இதைச் சொல்ல ஒரு பஞ்சாங்கமா?" என்று கேட்டார்.

நாங்கள் இலங்கையில், மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஆரையம்பதியில் இருக்கிறோம். நான் பாலர் பாடசாலை ஆசிரியை. அவருக்கு மேசன் வேலை, வேலை இருந்தால் சனிக்கிழமை கூலி வரும். அரச உத்தியோகத்தர்கள் பண்டிகை முற்பணம் எடுக்கலாம், வட்டி இல்லை, மாதாமாதம் சம்பளத்தில் கழியும். எங்களைப் போன்றவர்களைத் தேடி வருவது வாராவாரம் தவணை கட்டுகிற கிழமைக் கடன். ஐந்தாறு பெண்கள் குழுவாகி ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுப்பது. 2019 புத்தாண்டுக்கு நானும் எடுத்தேன். உடுப்பு, பலகாரம், மிஞ்சியதில் ஒரு மின்விசிறி. புத்தாண்டு முடிந்து ஒரு கிழமையில் ஈஸ்டர் ஞாயிறு. மட்டக்களப்பில் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஊரே முடங்கிப்போனது. உயிர் போனவர்களின் வீடுகளை நினைத்தால் எங்கள் கஷ்டத்தைச் சொல்லவே கூச்சம். ஆனால் அவருக்கு வாரக்கணக்கில் வேலை இல்லை, தவணை மட்டும் நாள் தவறாமல் வந்தது. என் பங்கை என் குழுப் பெண்கள் இரண்டு தடவை கட்டினார்கள். அவர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு ஒழுங்கையால் சுற்றிப் பாடசாலைக்குப் போயிருக்கிறேன். கடைசித் தவணை கட்டி முடிய அடுத்த வருடம் மாசி மாதம் ஆகிவிட்டது. 2020 சித்திரைக்கு ஊரடங்கு. புது உடுப்பு கேட்டு யாரும் அழவில்லை, அது ஒரு நிம்மதி!

மறுகா 2022. காஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மா கண்ணில் படவில்லை. அந்த வருடம் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் தனியாகப் பலகாரம் சுடுகிற நிலைமை இல்லை. எல்லாருக்கும் ஒரே நிலைமை என்றதால் வெட்கமும் இல்லை. நாலு வீட்டார் சேர்ந்து என் மச்சாளின் வளவில் மூன்று கல்லை வைத்து ஒரே தாச்சியில் சுட்டோம். நெருக்கடி கொஞ்சம் தணிந்த பிறகும் அதை நாங்கள் விடவில்லை. எங்கள் புத்தாண்டுச் செலவு பாதியாகக் குறைந்தது இந்த ஒரு விடயத்தால்தான், அதனால் இதைக் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன்.

வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முந்திப் பின்னேரம் அடுப்பு மூட்டுவோம். பொச்சுமட்டை, சிரட்டை, காய்ந்த தென்னம்பாளை, எல்லாம் வளவில் கிடப்பதுதான். ஒரு வீடு எண்ணெய், ஒரு வீடு மா, ஒரு வீடு தேங்காயும் முட்டையும், ஒரு வீடு பயறும் சீனியும். அடுத்த வருடம் மாறிக்கொள்வோம். எண்ணெய்தான் பெரிய செலவு என்பதால் சுடுகிற ஒழுங்கு முக்கியம். முதலில் அச்சில் சுடுகிற கொக்கிஸ், பிறகு முறுக்கு, கடைசியில்தான் பயற்றம்பணியாரம். பணியாரத்தைத் தொடக்கத்தில் போட்டால் உதிர்ந்த பயறும் சீனியும் கருகி எண்ணெய் கறுத்துப்போகும், பிறகு சுடுவதெல்லாம் அந்த நிறத்துக்கும் மணத்துக்கும் வந்துவிடும்.

ஆகச் சிக்கனமான பலகாரம் கொக்கிஸ். அரிசிமா, தேங்காய்ப்பால், ஒரு முட்டை, உப்பு, மஞ்சள், அவ்வளவுதான். ஒரு கிலோ மாவுக்கு ஒரு பெரிய டின் நிறையும். அச்சு எங்கள் ஒழுங்கைக்கே ஒன்றுதான், மச்சாளின் மாமியாருடைய பித்தளை அச்சு. அதை எண்ணெய்க்குள் வைத்துச் சூடேற்றி, மாவில் முக்கால்வாசிதான் முக்க வேண்டும். மேல் விளிம்பை மா மூடிவிட்டால் கழலாது, ஈர்க்குக் குச்சியால் நோண்ட வேண்டியதுதான். முதல் நாலைந்து எப்படியும் உடையும். பிள்ளைகள் அதற்காகவே அடுப்பைச் சுற்றி நிற்பார்கள்.

பயறு விலை என்பதால் பணியாரம் நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரு கிலோப் பயறுதான், ஆளுக்கு எண்ணிப் பிரிப்போம். அம்மாவுக்கு இது பிடிக்காது. "எண்ணிப் பலகாரம் பங்கு வைக்கிறத இப்பதான் காணுறன் புள்ள" என்பார். எண்ணியதில் இரண்டு கூட அவருடைய தட்டில் வைத்துவிட்டால் சரி.

அரிசியைப் பங்குனி கடைசியில் கடையில் வாங்காதீர்கள். இங்கே மாரி வேளாண்மை வெட்டு மாசி, பங்குனியில் முடியும். வயல்காரர்கள் எல்லாரும் ஈரநெல்லை ஒரே நேரத்தில் விற்கிற நாட்கள் அவை, நெல் விலை விழும். அவர்களுக்குக் கவலை, வாங்குகிற எங்களுக்கு ஆறுதல், என்ன செய்வது. வவுணதீவுப் பக்கம் தெரிந்தவரிடம் சிவப்புப் பச்சையரிசி நெல் ஒரு மூடை வாங்கிக் காயவைத்து மில்லில் குத்தி எடுத்தால், பலகார மா, வருடப் புக்கை (பொங்கல்), அதன் பிறகும் ஒன்றரை மாதப் புட்டு எல்லாம் அதற்குள் அடங்கும்.

உடுப்புக்குப் பக்கத்திலேயே முஸ்லிம் மக்களின் ஊரான காத்தான்குடி இருக்கிறது. ஒரு விடயம் கவனித்தேன். நோன்புப் பெருநாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே போகிறதல்லவா? 2024 இல் பெருநாளும் சித்திரையும் ஒரே கிழமைக்குள் வந்தன. கடைகளில் கால் வைக்க இடமில்லை, விலையும் இறங்கவில்லை. 2025 இல் பெருநாள் இரண்டு கிழமை முந்தி முடிந்துவிட்டது. பெருநாளுக்கு என்று இறக்கி மிஞ்சிய சிறுவர் உடுப்புகள் அந்த இரண்டு கிழமைக்குள் மலிவாகக் கிடைத்தன. கடைக்காரர் தெரிந்தவர், நானா (அண்ணா) என்றுதான் கூப்பிடுவேன். "நானா, கடைசி விலையச் சொல்லுங்க" என்றேன். "தங்கச்சி, இது மிச்சச் சாமான், அளவு இருந்தா எடுங்க" என்றார். அளவு இருந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் 4,600 ரூபாய். மகளுக்குச் சட்டை ஒரு அளவு பெரிது, தீபாவளிக்கும் அதுதான் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். இனி வரும் வருடங்களில் பெருநாள் இன்னும் முன்னே போகும், சித்திரை வரை மிச்சம் கிடக்குமா என்பது வேறு கதை.

பெரியவர்களுக்கு நாங்கள் எடுப்பதில்லை. பஞ்சாங்கத்தில் உடுப்பின் நிறம் சொல்வார்கள், அதைப் பார்த்துப் பதறி ஓடுகிறவர்கள் அடுத்த வரியையும் வாசியுங்கள். அந்த நிறக் கரை போட்ட உடுப்பும் உடுக்கலாம் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். அலுமாரிக்குள் ஏதோ ஒரு கரை இல்லாமல் போகாது. அவருக்கு மட்டும் ஒரு மருதமுனைச் சாரம், அதுவும் இரண்டு வருடத்துக்கு ஒன்று.

மருத்துநீர் கோயிலில் கொடுப்பார்கள், போத்தலோடு போனால் போதும். துளசி, வில்வம், அறுகு, தாமரைப்பூ, மஞ்சள், மிளகு எல்லாம் போட்டுக் காய்ச்சியது. தலையில் வைத்து முழுகினால்தான் எனக்கு வருடம் பிறந்த மாதிரி இருக்கும்.

கைவிசேஷத்துக்கு 1,500 ஒதுக்குவேன். வெற்றிலையில் பாக்கு, நெல், புது 50 ரூபாய்த் தாள். பெரிய தாள் கொடுக்கிற உறவுகளுக்கு ஈடு கொடுக்கப் போகாதீர்கள். என் பிள்ளைகளுக்கு வருவதும் என் கையால் போவதும் கடைசியில் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் நிற்கிறது. அன்றைக்கு மத்தியானம் மரக்கறிச் சாப்பாடு. பின்னேரம் பிள்ளைகளுக்கு மாமரத்தில் ஊஞ்சல், இல்லாவிட்டால் பஸ் ஏறிக் கல்லடிக் கடற்கரை. தேங்காயோடு தேங்காய் மோதி உடைக்கிற போர்த்தேங்காய் அடிக்க அவருக்கு ஆசைதான். தேங்காய் ஒன்று 200 ரூபாய்க்கு ஏறிய வருடம், அடித்து உடைந்ததை ஒருவரும் விட்டுவைக்கவில்லை, அன்றிரவு எல்லா வீட்டிலும் சம்பல்.

இவ்வளவுக்கும் போன வருடம் எங்களுக்கு முடிந்தது 15,600. அதைத் தைப்பொங்கல் முடிந்த முதல் சனிக்கிழமையிலிருந்து கிழமைக்கு 1,200 வீதம் ஒரு பழைய பால்மா டின்னில் போட்டு வைத்தோம், பதின்மூன்று சனிக்கிழமை. டின்னின் மூடியை அவர் சீமெந்தால் பூசிவிட்டார். நான் நடுவில் திறப்பேன் என்று அவருக்குத் தெரியும். முன்பு ஒருமுறை சப்பாத்து வாங்கத் திறந்திருக்கிறேன்.

இந்த வருடத்து டின்னில் ஏழு சனிக்கிழமை ஏறியிருக்கிறது. எட்டாவதில் கிழமை முழுக்க மழை, அவருக்கு இரண்டு நாள்தான் வேலை. 200 போட்டேன்.